948-க்கும் 998-க்கும் நடுவில்: ஹெரால்டா, டர்போவா?



சென்னையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். கையில் ஒரு காருக்குத்தான் பணம் இருக்கிறது. ஒரு பக்கம், 1960-களில் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்து நன்றாக வைத்திருக்கிறார்களாம். அவன் அப்பா அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் வீட்டில் ஹெரால்ட் ஓட்டியவர். இன்னொரு பக்கம், நான்கு வருடம் ஓடிய ஹூண்டாய் ஐ20 என் லைன். டர்போ என்ஜின். மாதம் ஒரு முறை அம்மாவைப் பார்க்க ஆலங்குடிக்கு வர வேண்டும். போக 400 கிலோமீட்டர், வர 400 கிலோமீட்டர். "சார், நீங்க சொல்லுங்க, எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறான்.

வரலாற்று வாத்தியாரிடம் கார் கேட்டால் வரலாறுதான் கிடைக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரலாற்றில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு வண்டியும் நம் தமிழ் மண்ணில் பிறந்தவை. ஒன்று பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். மற்றொன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. இரண்டுமே பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு உண்டு.

சுதந்திரத்துக்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி கார் விற்றார்கள். 1953-ல் அரசு ஒரு முடிவெடுத்தது. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் தொழில் நடத்தலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் போகலாம் என்றது. அமெரிக்க நிறுவனங்கள் மூட்டை கட்டின. அதன் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்தியக் குடும்பத்துக்குக் கார் என்றால் மூன்றே வீடுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட். எந்த நிறுவனம் எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் அரசு உரிமம் வேண்டும். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் வேக வண்டியைச் செய்ய எவனுக்குத் துணிச்சல் வரும்? ஆகவே வேகப் பிரியர்கள் கிடைத்த குடும்பக் காரையே வேக வண்டி ஆக்கினார்கள். அதற்கு வாகாகக் கிடைத்தது ஹெரால்ட்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வான்கார்ட் என்ற பெரிய கார், பிறகு ஸ்டாண்டர்ட் டென் என்ற சின்ன கார் என்று செய்தார்கள். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் வெளிவந்தது. 1961 முதல் அது சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது.

அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். உருண்டு திரண்ட அம்பாசடருக்குப் பக்கத்தில் நிறுத்தினால், கூர்மையான ஓரங்களோடு ஹெரால்ட் ஒரு துள்ளல் பிள்ளை மாதிரி இருக்கும். இரண்டு கதவுதான். அன்று மற்ற நிறுவனங்கள் உடலும் சட்டமும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டில் மட்டும் அடியில் தனிச் சேஸ், மேலே உடல் துண்டுதுண்டாகப் பிரித்துப் பூட்டும்படி இருந்தது. முன் மட்கார்டு, முகப்பு, பானட் மூன்றும் ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழும். கவிழ்த்துவிட்டால் என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே. மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்தில் வண்டி முழுதாகத் திரும்பிவிடும். நம் ஊர்ச் சந்துகளில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதே சேஸைக் கொஞ்சம் குட்டையாக்கி இங்கிலாந்தில் 1962-ல் செய்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் குடும்பத்தில் பிறந்து, குமாஸ்தா வேலைக்குப் போன பிள்ளை என்று சொல்லலாம்.

அந்தப் பிள்ளையின் துள்ளலைப் பார்க்க வேண்டுமென்றால் சோழவரத்துக்குப் போக வேண்டியிருந்தது. சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. பந்தயத்துக்கென்று கட்டிய மைதானம் இல்லை, நிரந்தர மேடை இல்லை. ஆனாலும் நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள். ராஜாக்கள் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளோடு வந்தார்கள். சாதாரண ஆட்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் கொண்டுவந்தார்கள். இருக்கையைக் கழற்றி எடை குறைப்பது, ஹெட்டைச் செதுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது, கார்ப்பரேட்டரை மாற்றுவது, சைலன்சரைக் கழற்றிவிடுவது. எல்லாம் தெருவோரப் பட்டறையில் நடந்த ஆராய்ச்சி. நம் மெக்கானிக்குகளின் பல்கலைக்கழகம் சோழவரம்தான் என்று சொன்னால் மிகையில்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது.

*

ஹெரால்டின் சோகம் என்னவென்றால், அது வளரவில்லை. இங்கிலாந்தில் 948 சி.சி.யில் தொடங்கிய என்ஜின் 1961-ல் 1147 ஆனது, 1967-ல் 1296 ஆனது. இங்கே 1968-ல் முகத்தை மாற்றினார்கள், இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள், ஆனால் பானட்டுக்குள் அதே 948. ஹெரால்டின் பின்சக்கரங்களுக்குக் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். நம் ஊர்ப் பள்ளங்களில் பாரம் ஏற்றி ஓட்டும்போது அதற்குத் தாங்கவில்லை. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் குணமும் உண்டு. அதனால் 1970-களின் தொடக்கத்தில் கெசல் என்று பெயர் மாற்றி, பின்னால் லாரி மாதிரி முழு ஆக்சிலைப் போட்டார்கள். அதிலும் 948 தான். 1970-களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்றது.

பிறகு 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பிரம்மாண்டமான கார் கொண்டுவந்தார்கள். உடல், இங்கிலாந்தில் ரோவர் நிறுவனம் 1976-ல் வெளியிட்டு ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய மாடல். அங்கே அதற்குள் எட்டு சிலிண்டர் என்ஜின் வைத்திருந்தார்கள். இங்கே வைத்ததோ பழைய வான்கார்ட் வழிவந்த 1991 சி.சி. என்ஜின். அதன் திறன் 83 குதிரைத்திறன். பட்டு வேட்டிக்குள் கிழிந்த கோவணம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான்.

இந்த எண்ணை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: 1991 சி.சி., 83 குதிரைத்திறன், ஆண்டு 1985. அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 1973-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டர்போ என்ற காரைக் காட்டியது. அதன் என்ஜின் 1990 சி.சி. திறன் 170 குதிரைத்திறன். அளவில் ஒரே ஒரு சி.சி. வித்தியாசம். சக்தியில் இரண்டு மடங்குக்கு மேல்.

1988 வாக்கில் ஸ்டாண்டர்ட் கார்களின் கதை முடிந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஏற்கெனவே எல்லாருடைய கணக்கையும் மாற்றியிருந்தது.

*

அந்த இரண்டு மடங்கு சக்தி எங்கிருந்து வந்தது? இப்போது டர்போவுக்கு வருவோம்.

கொல்லர் பட்டறையில் உலை ஊதும் துருத்தியை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. காற்றைக் கூட்டினால் நெருப்பு கூடும். என்ஜினுக்குள்ளும் அதேதான். அதிகக் காற்றைத் திணித்தால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். ஆனால் அந்தத் துருத்தியை மிதிக்க ஆள் வேண்டுமே? உலையின் புகையே துருத்தியை மிதித்தால்? அதுதான் டர்போ. புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும்.

இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே காப்புரிமை வாங்கினார். செயல்படுத்த அவருக்கு இருபது வருடம் ஆனது. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் என்ஜினில் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் 2,500 ஆக உயர்ந்தது. இதற்கிடையில் 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான என்ஜினை 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் என்ற மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த என்ஜின், மேலே காற்று மெலிந்ததால் 230-க்கு இறங்கியது. டர்போவை இணைத்ததும் 356. நம் கொடைக்கானலில் கூட, கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. பழைய அம்பாசடர் மலை ஏறும்போது ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்பது இப்போது புரியும்.

கப்பலும் விமானமும் சரி. காரில் வந்தபோது டர்போ முதலில் அவமானப்பட்டது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. அதிக அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடித்து என்ஜினைத் தட்டும். அதைத் தடுக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். தொட்டி காலியானால் வண்டியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் பலர் ஊற்றவில்லை. "புது வண்டி இழுக்கவில்லை" என்று புகார் சொன்னார்கள். கடைசியில் நிறுவனமே பல வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்ப்பரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. பொறியியலில் பெரிய தவறில்லை. அதைப் பராமரிக்கும் பழக்கம் வாங்கியவர்கள் வீட்டில் இல்லை. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

மேலே சொன்ன பி.எம்.டபிள்யூ.வும் 1,672 வண்டியோடு நின்றுபோனது. அது வந்த நேரம், 1973 எண்ணெய் நெருக்கடி. அதோடு, மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் பொறுத்துத் திடீரென்று பாயும். காற்றாடி வேகம் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1978-ல் சுவீடனின் சாப் நிறுவனம் இதற்கு வழி கண்டது. சின்னக் காற்றாடி, குறைந்த வேகத்திலேயே சுற்றும். அழுத்தம் அளவு மீறினால் புகையை வேறு வழியில் திருப்பிவிட ஒரு வால்வு. டர்போ பந்தயத் திடலை விட்டுக் குடும்ப வாசலுக்கு வந்தது அங்கேதான்.

நம் ஊருக்கு வந்த வழி வேறு. 1982-ல் டர்போ எனர்ஜி என்ற நிறுவனம் ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. முக்கியமாக லாரி, பஸ், டிராக்டர் போன்ற டீசல் என்ஜின்களுக்கு. ஆகவே தமிழனுக்கு "டர்போ" என்ற சொல் முதலில் அறிமுகமானது லாரியின் மேல் எழுதிய எழுத்தில்தான். லாரிக்காரர்கள் அதை வேகத்துக்காக வாங்கவில்லை. பாரம் இழுக்கவும் டீசல் மிச்சம் பிடிக்கவும் வாங்கினார்கள். பிறகு டீசல் கார்களில் வந்தது. பெட்ரோல் காரில் சக்திக்காக டர்போ வந்தது 2000-களின் நடுவில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற விலை உயர்ந்த வண்டியில்தான். 2013-ல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஒரு லிட்டருக்கும் குறைவான டர்போ என்ஜினோடு மறைமலைநகரிலிருந்து வந்தது. பெருங்களத்தூரிலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே கொஞ்ச தூரம். 2021-ல் ஹூண்டாயின் ஐ20 என் லைன், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. சோழவரத்துக்குப் பதிலாக வந்த பந்தயத் தளமும் அதே ஊர்தான். வரலாறு சில நேரம் இப்படி ஒரே ஊரில் இரண்டு வேலையை முடித்துக்கொள்ளும்.

*

இப்போது இரண்டையும் பக்கத்தில் நிறுத்துவோம்.

ஹெரால்ட்: 948 சி.சி., நான்கு சிலிண்டர். 40-ஐத் தொடாத குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடம் ஆகும். அதற்கு மேல் அதிகம் போகாது.

என் லைன்: 998 சி.சி., மூன்று சிலிண்டர். 120 குதிரைத்திறன். நூறை எட்ட சுமார் பத்து நொடி.

சி.சி.யில் வித்தியாசம் வெறும் 50. ஒரு டம்ளர் காபியில் பாதி கூட வராது. அந்த 50 சி.சி.யில் இல்லை இந்த மூன்று மடங்கு சக்தி. பூச்சியின் துருத்தி, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் முறை, வினாடிக்கு எத்தனையோ முறை கணக்குப் போடும் கணினி, நல்ல உலோகம், நல்ல எண்ணெய் என்று அறுபது ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது.

வேகத்தை வைத்து முடிவு செய்வதானால் இங்கேயே கட்டுரை முடிந்தது. ஆனால் பழைய காரை யாரும் வேகத்துக்காக வாங்குவதில்லை. இரண்டில் எது கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். வரலாறு நமக்குச் சொல்வதும் அதைத்தான். கார் பழசாகிச் சாவதில்லை. அதைத் தெரிந்த கை, அதற்குப் பாகம் தரும் கடை, அதற்கு வேண்டியதை ஊற்றும் உரிமையாளர் என்ற சங்கிலி அறுந்தால் சாகிறது. ஸ்டாண்டர்ட் நிறுவனம் மூடியபோது ஹெரால்டுக்கு அந்தச் சங்கிலி அறுந்தது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் டாக்சி ஓடியதால் மூலைக்கு மூலை ஆள் இருந்தார்கள், ஸ்பேர் இருந்தது. ஜெட்ஃபயரில் அறுந்தது மூன்றாவது கண்ணி. புதிய வண்டிக்கும் இது வரும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த அன்று, வண்டி வைத்திருந்த எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியது என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

ஹெரால்டுக்குச் சங்கிலி முழுதாக அறுந்துவிடவில்லை. இங்கிலாந்தில் டிரையம்ஃப் பிரியர்கள் நிறைய. பல பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. சென்னையில், கோவையில் பழைய கை சில இருக்கின்றன. ஆனால் பாகம் கப்பலில் வர வேண்டும், கைக்கு வயதாகிவிட்டது. இன்னொன்று, அந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகப் பிறந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். வால்வு உட்காரும் இடத்தில் கடினமான வளையம் போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இப்போது பங்க்கில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் அது அரிக்கும். வண்டி நின்றே கிடந்தால் தண்ணீரையும் இழுக்கும். எல்லா ரப்பரையும் மாற்றியிருக்க வேண்டும்.

சட்டத்தையும் பாருங்கள். 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். பெருமையான விஷயம்தான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். அம்மாவைப் பார்க்க ஆலங்குடி வருவது அந்தப் பட்டியலில் இல்லை. சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிக்கு அந்தக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. ஆர்.சி.யில் இருக்கும் என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

டர்போ பக்கம் வேறு மாதிரி. அந்தக் குட்டிக் காற்றாடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தால் அந்தப் பாவம் வாங்குபவர் தலையில் விடியும். ஆகவே கிலோமீட்டரைவிட சர்வீஸ் பதிவு முக்கியம். என்ன ஆயில் ஊற்றினார்கள், எப்போது ஊற்றினார்கள் என்று தேதியோடு இருக்க வேண்டும். வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்கும்போது சைரன் மாதிரி ஊளையிட்டால் விட்டுவிட்டு வந்துவிடலாம். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால், நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா என்று அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பெட்டியை ஆலங்குடியில் யாரும் திறக்க மாட்டார்கள். 2021 வண்டி என்பதால் 20 சதவீத எத்தனாலைப் பற்றிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்றும் படிக்க வேண்டும். ஓட்டும் ஒழுக்கமும் ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்தவுடன் விரட்டக் கூடாது. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து டக்கென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது. லாரி டிரைவர்கள் இதை நாற்பது வருடமாகச் செய்கிறார்கள். நாம் அவர்களிடம்தான் கற்க வேண்டும்.

*

சரி தம்பி, உனக்கு நேரடியாகச் சொல்கிறேன்.

இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து "அம்மாவுக்கு முடியல" என்றால், நீ தாம்பரத்திலிருந்து கிளம்பி விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை தாண்டி விடிவதற்குள் வந்து சேர வேண்டும். அந்த ராத்திரிக்கு ஹெரால்ட் ஆகாது. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் பேச்சிலேயே இல்லாத காலத்து வண்டி அது. இன்றைய நான்குவழிச் சாலையில் பின்னால் வரும் ஆம்னி பஸ்ஸுக்கு அதன் 40 குதிரைத்திறன் பதில் சொல்லாது. ஒரே ஒரு கார்தான் என்றால், சர்வீஸ் பதிவு சரியாக இருக்கும் டர்போவை வாங்கு. பதிவு சரியில்லையா, டர்போவே இல்லாத சாதாரணக் காரை வாங்கு. அதிலும் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்பாவின் நினைவுக்கு ஹெரால்ட் வேண்டும் என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பா ஹெரால்டை வைத்திருக்கவில்லை, ஓட்டினார், பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் தண்ணீரும் ஆயிலும் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவருடைய சொத்து அந்தப் பழக்கம். டர்போவுக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும். என்றைக்காவது உனக்கு இரண்டாவது காருக்குப் பணமும், வாரம் ஒரு நாள் கையில் கிரீஸ் படிய உட்கார நேரமும் சேர்ந்து வந்தால், அப்போது ஹெரால்டைத் தேடு. நேரம் இல்லாதவன் வாங்கி ஷெட்டில் போட்டால், கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருக்கும் ஹெரால்டில் ஒன்று குறையும். அது அந்த வண்டிக்குச் செய்யும் துரோகம். அதற்குள் கோவைக்குப் போனால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் வைத்திருக்கும் கார் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வா.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் நம் பக்கத்து ஆட்கள் யாராவது வேலை பார்த்திருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தொழிற்சாலை வாசலில் எடுத்த போட்டோ என்று எது இருந்தாலும் செல்போனில் படம் பிடித்து இங்கே போடுங்கள். சோழவரம் பந்தயத்துக்கு லாரியில் தொற்றிக்கொண்டு போன கதை இருந்தாலும் எழுதுங்கள். நிறுவனத்தின் கணக்கு எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். அங்கே ஸ்பேனர் பிடித்த கைகளின் கணக்கு நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில்தான் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர்கள் அவர்கள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர் (ஓய்வு),
ஆலங்குடி